கழுத்தில் கட்டிய பட்டு நூல்

செவிலிமேட்டு விவசாயக் கிணற்றில் ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சிக்கு இறங்கும் முன், கூட வந்த நெசவாளி டில்லியைக் கேலி செய்தேன். மூச்சுக்கருவி பழுதானால் உதவும் உபரிக் கருவியை அவன் பட்டு நூலால் கழுத்தில் கட்டியிருந்தான். என்னுடையது இடுப்பில் தொங்கியது.

“காத்துக்குத் தாலி கட்டிட்டியாபா?” என்றேன்.

“உன்னுது வால் மாதிரி ஆடிக்கினு இருக்குது” என்றான்.

தண்ணீருக்கடியில் என் மூச்சுக்கருவியின் வாய் ரப்பர் கழன்று, வாயில் தண்ணீர் புகுந்தது. உபரியைத் துழாவினேன், கலங்கலில் கைக்குச் சிக்கவில்லை. டில்லி தன் வாயிலிருந்ததைப் பிடுங்கி என் வாயில் திணித்தான். கழுத்தில் இருந்ததைத் தான் கவ்விக்கொண்டான்.

மேலே வந்ததும், “வால் எங்கபா போச்சு?” என்று கேட்டான்.

நன்றி சொல்லாமல், தண்ணீர்தான் கலங்கல் என்று கத்தினேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. இப்போது என் கழுத்திலும் உபரியைக் கட்டிய பட்டு நூல் இருக்கிறது. டில்லி வரும் நாட்களில் நான் கிணற்றுக்குப் போவதில்லை.