சுருளிப்பட்டிக்குக் கொண்டுபோன ஆறு சட்டைகள்

"இவ்வளவு கெட்டித் துணி எதுக்கு? மெல்லிசாப் போடுங்க. கிழிஞ்சாத்தானே அடுத்தது வாங்குவாங்க" என்று மதுரைக் கடைக்காரர் ஒருவர் என் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தோட்ட வேலை செய்யும் பெண்களுக்காக நான் வடிவமைத்தது அது. கிழியாமல் இருப்பது குறையாம்! போடப்போகிறவர்களே சொல்லட்டும் என்று சென்ற மார்ச்சில் ஆறு சட்டைகளோடு கம்பம் பள்ளத்தாக்குக்குக் கிளம்பினேன்.

துணி ஆண்டிபட்டித் தறியில் நெய்தது. தைத்ததும் அங்கேதான். வெட்டும்போது மிஞ்சிய துண்டுகள் எதையும் வீசவில்லை. கையைத் தூக்கினால் இழுக்காதபடி அக்குளில் ஒரு சதுரமாகவும் இரண்டு பாக்கெட்டுகளாகவும் சட்டைக்குள்ளேயே சேர்ந்துவிட்டன.

காலை 5.10-க்கு ஆண்டிபட்டியில் பஸ். தேனி 17 கிலோமீட்டர், 15 ரூபாய். அங்கிருந்து கம்பம் 40 கிலோமீட்டர், 32 ரூபாய். ஏழு மணிக்கு இறங்கினேன். சுருளிப்பட்டிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எட்டு மணிக்குத் திராட்சைத் தோட்டத்தில் இருந்தேன்.

பந்தல் தலைக்கு மேலே. பெண்கள் நாளெல்லாம் கையைத் தூக்கியே குலை வெட்டுகிறார்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டை. எல்லாமே அக்குளில் கிழிந்தவை. அன்று வேலையில் இருந்த ஆறு பேரில் முதலில் என் சட்டையைப் போட்டுப் பார்த்தவர் பாண்டியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கைகளையும் தூக்கினார்.

"இழுக்கலையே!" என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மேஸ்திரி வந்தார். "ஏம்மா, பாக்கெட்டு எதுக்கு? பழத்த அமுக்கிட்டுப் போகவா? பிரிச்சுட்டுக் குடு. இல்லன்னா சட்டைய எடுத்துட்டுக் கிளம்பு."

வெட்கத்தோடு சொல்கிறேன், என் கை கத்தரியைத் தேடியது. சட்டையாவது பிழைக்கட்டும் என்று நினைத்தேன்.

"அத உள்ள வையி, தங்கச்சி" என்றார் பாண்டியம்மாள். பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். "ஏண்ணே, உங்க சட்டையில பாக்கெட்டு இருக்குல்ல? யாராச்சும் சோதிச்சாகளா? நாங்க மட்டும் போனையும் மாத்திரையையும் முந்தியில முடிஞ்சுக்கிட்டு அலையணுமா? பாக்கெட்டு இருக்கட்டும். முடியாதுன்னா பழத்த நீங்களே வெட்டிக்கங்க."

ஆறு பேரும் வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். என்னால் இவர்கள் கூலி போய்விடுமோ? பத்து மணிக்குப் பழம் ஏற்றக் கேரளா லாரி வந்துவிடும். மேஸ்திரி தோட்டத்து முதலாளிக்குப் போன் போட்டார், நடந்தார், மறுபடியும் போட்டார். இருபத்தைந்து நிமிடம் கழித்து, யார் முகத்தையும் பார்க்காமல், "சரி சரி, வெட்டுங்க" என்றார். சட்டையோடுதான் வெட்டினார்கள்.

மதியம் பாண்டியம்மாள் என்னையும் விடவில்லை. "காலர் வேர்வையில கழுத்த அறுக்குது. வெள்ளையில கறை இங்கன பாரு." இரண்டும் என் தவறு. ஊர் திரும்பியதும் காலரை எடுத்துவிட்டேன், அடர்நீலச் சாயத்துக்கு மாறிவிட்டேன்.

போக நினைப்பவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் யாருக்கும் பேச நேரமிருக்காது. கேட்காமல் படம் எடுக்காதீர்கள். உடை வடிவமைப்பவராக இருந்தால் மாதிரியைக் கடைக்குக் காட்டும் முன், அதைப் போட்டு வேலை செய்பவரிடம் ஒரு நாள் முழுக்கக் கொடுங்கள். அவர் சொல்லும் குறையைத் திருத்துங்கள். மற்றவர்கள் நீக்கச் சொல்வதை நீக்காதீர்கள்.



இப்போது நான் தைக்கும் ஒவ்வொரு சட்டையிலும் பாக்கெட்டை இரட்டைத் தையல் போட்டு இறுக்குகிறேன். பிரிக்க நினைப்பவர் கொஞ்சம் சிரமப்படட்டும்.