மருந்தில்லாத கூழ்

ஜாம் புட்டி அளவுள்ள கண்ணாடிக்குள், வெளிறிய ஊட்டக் கூழின் மேல், விரல் நீள அயினித் தளிர்கள் நின்றிருந்தன. இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. அடியில் மட்டும் வேருக்குப் பதில் பஞ்சு போன்ற சதை திரண்டிருந்தது. பாறசாலையை அடுத்த திசு வளர்ப்புக் கூடத்துக்கு நான் பொறுப்பாளனாக இருந்தபோது நடந்தது இது. பொழியூர் மீனவர்கள் படகுப் பலகைக்குத் தேடுகிற மரம் அயினி. திருப்புறத்துத் தேவாலய வளாகத்தில் நின்ற பழைய அயினியைச் சாலைக்காக வெட்டிவிட்டார்கள். வெட்டுவதற்கு முன் நாங்கள் எடுத்துவந்த மொட்டுகளிலிருந்து வளர்ந்த முப்பது தளிர்கள்தாம் அதன் மிச்சம்.

வேர்விடத் தூண்டும் ஹார்மோனைக் கூழில் சேர்த்திருந்தேன். வேர் வராதபோது அளவைக் கூட்டினேன். சதைதான் பெருத்தது. ஐந்து வாரம் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிடும்படி புட்டி கழுவும் அக்காவிடம் சொன்னேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். தளிர் மாற்றும் வேலையைப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு புட்டியை என் மேசையில் வைத்தார். தளிரின் அடியிலிருந்து மூன்று வெள்ளை வேர்கள் இறங்கியிருந்தன.

“களைய மனசு வரல்ல சாரே. சதைய வெட்டிட்டு, மருந்தில்லாத்த கூழுல மாத்தி வச்சேன். அஞ்சு வாரமா குடிச்சது போதும்னு தோணிச்சு, அதாக்கும்.”

ஹார்மோன் வேரைத் தூண்டும். தூண்டிய பிறகும் விலகாமல் இருந்தால் வேரை நீளவிடாது. நான் படித்திருந்த பாடம்தான். அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் அந்த முறையை விரிவாக எழுதி, என் பெயரை மட்டும் போட்டேன்.

“இதுல எனக்க பேரும் உண்டா சாரே?” என்று கேட்டார்.

“உதவியாளர் பேரு போடுற வழக்கம் இல்ல அக்கா” என்றேன். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.

“செரி” என்று சொல்லிவிட்டுப் புட்டி கழுவப் போனார்.

பிழைத்த கன்றுகளில் ஒன்றைத் தேவாலய வளாகத்தில் நட்டோம். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. போதகருக்கும் பஞ்சாயத்துக்கும் நன்றி சொன்னேன். அக்கா பெண்கள் பக்கத்தில் நின்று கைதட்டினார்.

போன மாதம் நெய்யாற்றின்கரை பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். இப்போது துணிக்கடையில் வேலை. அறிக்கையில் அவர் பெயரை விட்டதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

“அயினி எவ்வளவு வளந்திருக்குன்னு தெரியுமா சாரே?”

தெரியாது. நட்ட நாளுக்குப் பின் நான் அங்கே போனதில்லை.

“எனக்க தலைக்கு மேல ரெண்டு முழம் உண்டு. ஞாயிறு ஞாயிறா போய்ப் பாப்பேன்.”

பேருந்து வந்தது. “வாறேன் சாரே” என்று ஏறிக்கொண்டார்.

அந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று அறிக்கையைத் திருத்தி, அவர் பெயரை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.