பொங்கி நின்ற மாவும் பெரிய வியாழனும்

எங்கள் கம்பெனி லைனில் அசெம்பிளி பார்க்கும் பெண் போன வருடம் காதல் கல்யாணம் செய்துகொண்டு கிறிஸ்தவ வீட்டுக்குப் போனவள். இயேசு சீடர்களோடு கடைசியாகப் பந்தியில் உட்கார்ந்ததை நினைக்கும் பெரிய வியாழன் ஆராதனைக்கு அப்பம் சுடும் வேலையை ஓசூர்ச் சபைப் போதகர் இந்த முறை அவளிடம் கொடுத்திருந்தார். கடையில் வாங்கும் வில்லை அப்பம் வேண்டாம், ஈஸ்ட் போடாமல் வீட்டில் சுட்டதாக இருக்கட்டும் என்றாராம். மாமியார் சபையில் இன்னும் அவளை 'வெளியில இருந்து வந்த பொண்ணு' என்றுதான் சொல்வார். இன்றோடு அந்தப் பேச்சு மாறிவிடும் என்று ஷிப்ட் முழுக்க அவளுக்கு ஒரே துள்ளல்.

ஷிப்ட் விட்டதும் நானும் கூடப் போனேன். நான் கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் கம்பெனி பஸ்ஸில் வேதப் புத்தகத்தை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். படிக்க யார் தடை?

மாமியார் முன்னமே சபைக்குப் போய்விட்டிருந்தார். அடுப்படியில் மாவு பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஈஸ்ட் போடவில்லை, காலையில் இரண்டு கரண்டி இட்லி மாவுதான் கலந்தேன், மெத்தென்று வரும் என்றாள் பெருமையாக. மாவு பொங்கினால் பூரித்துப் போகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"புளிக்கவே கூடாதும்மா," என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இனிமே எங்க டைம் இருக்குக்கா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பொறி தட்டியது. நான் படித்ததே இதைத்தானே! எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் அவசரமாகப் புறப்பட்டபோது மாவு புளிக்க நேரமில்லை. அப்படியே தோளில் சுமந்து நடந்தார்கள். அந்த விடுதலையை நினைத்து வருடா வருடம் புளிப்பில்லாத அப்பம் சாப்பிட்டார்கள். அதுதான் பஸ்கா.

"அவங்களுக்கும் டைம் இல்லம்மா. அதனாலதான் இந்த அப்பமே."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்போ சப்பாத்தி தானக்கா?"

கோதுமை மாவு, தண்ணீர், உப்பு. நான் தேய்க்கத் தேய்க்க அவள் சுட்டெடுத்தாள். துணியில் சுற்றிச் சூட்டோடு ஷேர் ஆட்டோ ஏறினோம்.

போதகர் தமிழில் சொன்னதைத் தெலுங்கிலும் சொன்னார். இயேசுவும் சீடர்களும் யூதர்கள். பஸ்கா வேளையில், அந்தப் புளிப்பில்லாத அப்பத்தை எடுத்துத்தான் இயேசு தம் உடலென்று பிட்டுக் கொடுத்தார். பஸ்காவுக்கு அடிக்கும் ஆட்டுக்குட்டியையும் முதல் கிறிஸ்தவர்கள் இயேசுவாகவே கண்டார்கள். கடைசி வரிசையில் இருந்த எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது. எந்தக் காலத்து அடிமைக் கூட்டத்தின் அவசரம், எங்கள் தோசைக்கல் வரை வந்திருக்கிறது!

எங்களுக்கு முன் வரிசையில் இருந்த மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். பக்கத்துப் பெண்மணியிடம் குனிந்து, "எங்க மருமக சுட்டது," என்றார். அதைக் கேட்டு, என்னோடு உட்கார்ந்திருந்த அந்த மருமகள் என் கையை நசுக்கியே விட்டாள்.

வெளியே வந்ததும் மாமியார் எங்களிடம் வந்தார்.

"கெளம்பும்போதே பொங்கின மாவப் பாத்தேன். என்ன ஆகுமோன்னு பயந்துகிட்டேதான் உக்காந்திருந்தேன். அது கெடக்கட்டும், வாங்க ரெண்டு பேரும், அந்த மாவுல போண்டா போட்டுறலாம்."