நஜ்லாவின் உருண்டை

முசுக்கொட்டை இலைகள் நாலைந்தை அடுக்கி, நடுவில் ஒரு சிட்டிகைத் தவிடு வைத்து, நஜ்லா சுருட்டுகிறாள். இடது கட்டைவிரல் கிடாக்குட்டியின் கீழ்த்தாடையை அமுக்குகிறது, வாய் திறக்கிறது, உருண்டை உள்ளே போகிறது. தொண்டையில் இரண்டு தடவல். விழுங்கியாயிற்று. அடுத்தது.

லெபனான் மலையில் கோடை முழுக்க இதுதான் பெண்கள் வேலை. வசந்தத்தில் பால்குடி மறந்த குட்டியை வாங்கி வாசலில் கட்டிவிட்டால், இலையுதிர்காலத்தில் அறுக்கும்வரை மேய்ச்சல் கிடையாது. தினம் குளியல், கைவழிச் சோறு. அகலவால் செம்மறிகள் இவை. தின்றதில் மிஞ்சுவதெல்லாம் வாலில் கொழுப்பாகச் சேரும். அதை உருக்கி, அதிலேயே கறியை வதக்கிச் சாடியில் அடைத்தால் கவர்மா. பனி பெய்யும் காலையில் ஒரு கரண்டி கவர்மாவில் முட்டை உடைத்து ஊற்றித் தின்னாதவன் தன்னை மலைக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நஜ்லா கண்ணை நம்புவதில்லை, கையைத்தான் நம்புவாள். யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி வருவதற்குள் அவர்கள் கிடாயின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிடுவாள். விருந்துக்கு வந்த மருமகனின் விலாவையும் ஒருமுறை தடவியிருக்கிறாள்.

போன குளிர்காலத்தில் புருஷன் தான்யூஸுக்கு நெஞ்சுவலி வந்தது. பெய்ரூத் டாக்டர் கொழுப்பைத் தொடவே கூடாது என்றார். சாடி வீட்டில் இருந்தால் அவர் கை சும்மா இராது. இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் போய் உட்காருவார். யோசித்து யோசித்து நஜ்லா ஒரு வழி கண்டுபிடித்தாள்: வால் சிறுத்த கிடாயாக வளர்த்துவிடுவது. சாடியும் இருக்கும், அதில் கொழுப்பும் குறையும். குட்டி முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டியதுதான். மற்ற வருடங்களில் அது முகத்தைத் திருப்பிய பிறகுதான் அவள் வேலையே ஆரம்பமாகும்.

கை பழக்கத்தில் அடுத்த உருண்டையைச் சுருட்டிவிடும், மனசில்லாமல் பிரிப்பாள். ஆனால் விரலுக்குப் புதிதாக ஒன்று தெரியத் தொடங்கியது. கால் நீண்டது, தொடை திரண்டது, வால் மட்டும் தட்டையாகவே கிடந்தது. "முதல்ல எலும்பு எடுத்துக்குது, அப்புறம் சதை. வாலுக்குப் போறது மிச்சம்தான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள்.

பக்கத்து வீட்டு ஹன்னிக்குச் சிரிப்பு. "என்னடி, கிடாய் வளக்குறியா, நாய் வளக்குறியா? வாலைத் தேடிப் பிடிக்கணும் போலிருக்கே!"

"உன் கிடாய் உன் சாடிக்கு வளருது. இது என் புருஷன் நெஞ்சுக்கு வளருது. வாயை மூடு."

ஆகஸ்டில் மாதா திருநாள் கழிந்ததும் வால் கனக்க ஆரம்பித்தது. நஜ்லா தவிட்டைக் குறைத்தாள். இன்னும் கனத்தது. தவிட்டை நிறுத்தினாள். அடிவால் தளதளவென்று கைக்குள் அடங்காமல் வழிந்தது. "காத்தைக் குடிச்சா கொழுக்குது?" என்று அதன் வாயை மோந்து பார்த்தாள். இலை வாசம்தான்.

ஒரு மத்தியானம் தூக்கம் வராமல், அத்திமரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தான்யூஸ் வெறுங்காலோடு மெல்ல வாசலுக்கு வந்தார். அவரைக் கண்டதும் கிடாய் கழுத்தை நீட்டி, யாரும் தாடையைத் தொடாமலே, வாயை அகலத் திறந்தது.

"இங்க வாய்யா."

மரத்தடியில் அவளைப் பார்த்து அவர் திடுக்கிட்டார்.

"அது ஏன் உன்னைப் பார்த்து வாயைப் பிளக்குது?"

"வெயிலுக்குக் கொட்டாவி விடுது."

"கையைக் காட்டு."

விரல்களில் இலைப்பால் பிசுபிசுத்தது. சட்டைப்பை புடைத்திருந்தது.

"பசியோட பார்த்துச்சு, பாவம்…"

"அது உன்னைப் பார்த்துச்சா, நீ அது வாலைப் பார்த்தியா?"

தான்யூஸ் தரையைப் பார்த்தார். "ஒரே ஒரு குளிர்காலம், நஜ்லா. அப்புறம் கேக்க மாட்டேன்."

நஜ்லா எழுந்து வந்து அவர் பையிலிருந்து உருண்டையை எடுத்தாள். அவிழ்ந்திருந்த இலையை இழுத்து இறுக்கிச் சுருட்டினாள். அவளுடைய இடது கட்டைவிரல் அவர் கீழ்த்தாடையை அமுக்கியது. வாய் திறந்தது. உருண்டையை உள்ளே வைத்து, அவர் தொண்டையை இரண்டு முறை தடவிவிட்டாள்.