பத்து லிட்டர் தைலம்

மலைமேல், பூண்டிக்கு மேற்கே இருதயசாமியின் தைலக் கொட்டகையில் பன்னிரண்டு வருடம் அடுப்பெரித்தவள் லீமா. தைலமரத்து இலையைக் கொப்பரையில் திணித்து, தண்ணீர் விட்டு, மூடியைச் சுற்றி மண் பூசித் தீ வைப்பாள். கொதிக்கிற தண்ணீர் ஆவியாகி, இலையின் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு குழாய் வழியே ஓடும். குழாய் குளிர்ந்த தொட்டிக்குள் முங்கிக் கிடப்பதால் ஆவி மறுபடி தண்ணீராகிச் சொட்டும். மார்கழி, தையில் அந்தத் தொட்டித் தண்ணீரே கட்டியாக உறைந்துவிடும். விறகுக் கட்டையால் உடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். சொட்டிய தண்ணீரின் மேல் மிதக்கும் தைலத்தை வழித்து, லிட்டர் குவளையால் அளந்து டின்னில் ஊற்றுவதும் அவள்தான். அளவில் கை சுத்தம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்தக் கை சுத்தம்தான் எழுபத்து நாலில் பரமானந்தத்தின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. டின்களை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன். திண்டுக்கல்லில் ஒரு வியாபாரி புதிதாக டின்னைத் தராசில் வைத்துப் பார்த்தார். டின்னின் எடை போக ஒன்பது கிலோ நூறு கிராம். பத்து லிட்டர் பத்துக் கிலோ இருக்க வேண்டாமா? வருடா வருடம் குவளையில் தண்ணீர் பிடித்து, மளிகைக்கடைத் தராசில் வைத்துச் சரிபார்ப்பது கொட்டகை வழக்கம். ஒரு லிட்டர், ஒரு கிலோ. அதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

"ஏலே, வழியில வித்தியா?" என்றார் இருதயசாமி.

"மாதா மேல சத்தியமா தொடலங்க."

"பத்து லிட்டரும் எங்கையால ஊத்துனது. சிலுவையத் தொட்டுச் சொல்லுவேன்" என்றாள் லீமா. சொல்லவும் செய்தாள். அவள் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. வேலை போன பரமானந்தம் பெண்டாட்டியோடு பெரும்பாறைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். 'தைலத் திருடன்' என்ற பெயர் அவனுக்கு முன்னாலேயே மலையிறங்கிப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் டின் மூடியை ஈயம் வைத்து அடைக்கும் பழக்கம் வந்தது. எடைக்குக் கேட்பவர்களுக்கு விற்பதையும் இருதயசாமி விட்டுவிட்டார்.

எண்பத்தொன்றில், பழனி அடிவாரத்தில் கடை வைத்திருந்த மயில்சாமி எடைக்குத்தான் வாங்குவேன் என்றார். டின்னை லீமாவே கொண்டுபோனாள். பஸ்ஸில் மடியை விட்டு அது இறங்கவில்லை. மயில்சாமி ஈயத்தை உடைத்தார், வேறு டின்னில் ஊற்றினார், தராசில் வைத்தார்.

"என்னம்மா இது? ஒம்பது கிலோ நூறுதான இருக்கு. பாக்கி எங்க?"

லீமா குனிந்து தராசைப் பார்த்தாள். ஊற்றியது அவள், அடைத்தது அவள், சுமந்தது அவள். திருடியிருந்தால் அவள்தான் திருடியிருக்க வேண்டும்! கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடத்துப் பெயர் அந்தத் தராசுத் தட்டில் கிடந்தது.

"ஐயா, கொண்டாந்த டின்ன அப்படியே தாங்க. தண்ணி வேணும்" என்றாள். கொண்டுவந்திருந்த குவளையால் அளந்து பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றினாள். டின்னின் எடை போகச் சரியாகப் பத்துக் கிலோ நின்றது.

"அட பழனியாண்டவா!" என்றார் மயில்சாமி. "அதே டின்னு, அதே அளவு. அது எப்படிம்மா?"

லீமா தண்ணீரையே பார்த்தாள். விளிம்பில் ஒட்டியிருந்த தைலம் ஒரு படலமாக மேலே வந்து நின்றது. தினம் தினம் வழித்தெடுத்த அதே படலம்.

"மெதக்குதுங்க" என்றாள். "லேசா இருக்கப்போயிதான மெதக்குது! லேசா இருக்குறது எப்படிங்க தண்ணி எடை நிக்கும்? ஆத்தாடி, பன்னெண்டு வருசமா வழிச்சேனே, எனக்கு இது தோணலையே!"

மயில்சாமி சிரித்துவிட்டார். லீமாவும் சிரிக்க வாயெடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். ஒன்பது கிலோ நூறு. திண்டுக்கல்லிலும் அதே எடைதான்.

"மாதாவே" என்று கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பாமல், மறுநாள் பெரும்பாறையில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனாள். பரமானந்தம் தலை நரைத்து வாசலில் நின்றான். அவள் கும்பிட்ட கையை இறக்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். தான் சொன்னது உண்மை, அவன் சொன்னதும் உண்மை என்றாள்.

அவன் உள்ளே போய் ஒரு டின்னைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தான். அன்று திண்டுக்கல் வியாபாரி காலி செய்து திருப்பிக் கொடுத்த அதே டின்; கொட்டகையை விட்டபோது கையோடு கொண்டுவந்தது. வாய்வரை தண்ணீர் நின்றது.

"நீ பொய் சொல்ற ஆளில்லன்னு எனக்குத் தெரியும் லீமா. நானும் எடுக்கல. அப்ப டின்னுதான ஓட்டையா இருக்கணும்? ஏழு வருசமா தண்ணி ஊத்தி வச்சுப் பாக்குறேன்" என்றான் பரமானந்தம். "ஒரு சொட்டு ஒழுகல."