முழுப் பெயர் போட்டு எழுதுங்கள்

எங்கள் தொழிலில் விற்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை. ஒருவர் எழுதிய ஆய்வை இன்னொருவர் படித்து, அதன் நிறைகுறையைத் தன் சொந்தப் பெயரைப் போட்டு எழுதப் பழக்குவதுதான் வேலை. திறந்த சக மதிப்பாய்வு என்று அதற்குப் பெயர். பழைய முறையில், கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொன்னவர் யாரென்று எழுதியவருக்குக் கடைசிவரை தெரியாது. எங்கள் முறையில் சொன்னதும் தெரியும், சொன்னவரும் தெரியும். எதையாவது எழுதி நாலு பேரிடம் வாசிக்கக் கொடுத்து, "நல்லா இருக்கு" என்ற ஒரே பதிலோடு வீடு திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நாம் ஒரே இனம்தான், மேலே படியுங்கள்.

நான் பட்டதாரி இல்லை. கண்டியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். அங்கே அச்சான ஓர் ஆய்விதழின் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. யார் கட்டுரை யாரிடம் போகிறது, என்ன திட்டு வாங்கித் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்தே இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டேன். பிறகு இணையத்தில் ஒரு செயலமர்வுக் கையேடு கிடைத்தது. யாரும் எடுத்துத் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றி நடத்தலாம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அதை நம்பி இறங்கினேன். எவ்வளவு மாற்ற வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

பொன்னாடை மட்டும்தான் இல்லை

முதல் செயலமர்வு நகரில் ஒரு வாசிகசாலையின் மாடியில் நடந்தது. வந்தவர்கள் விரிவுரையாளர்களும் ஆய்வு மாணவர்களும். ஒரு பழைய கட்டுரையைக் கொடுத்து, "இதைப் பற்றி எழுதுங்கள், அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள்" என்றேன். மதியத்துக்குள் எல்லாத் தாளும் வந்துவிட்டது. வாசித்தால் ஒவ்வொன்றும் நயவுரை. நம் புத்தக வெளியீடுகளில் நூலாசிரியரை முன்கதிரையில் உட்காரவைத்துக்கொண்டு, அவர் எழுதியதை ஒருவர் எழுந்து புகழ்வாரே, அதேதான். "காலத்தின் தேவை கருதி எழுந்த கட்டுரை", "ஆசிரியரின் பணி மென்மேலும் சிறக்க வேண்டும்" என்று இருந்ததே தவிர, கட்டுரையில் இருந்த அட்டவணையின் கூட்டல் பிழையை ஒருவரும் சொல்லவில்லை. கையேட்டில் இதற்குப் பரிகாரம் இல்லை. அதை எழுதியவர்கள் ஊரில் வெளியீட்டு விழாவில் யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை போலும்.

அந்தக் கூட்டத்தில் சிவகுமாரன் என்று ஒரு மூத்த விரிவுரையாளர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், புவியியல் படிப்பிக்கிறவர். கூட்டல் பிழையைக் கண்டீர்களா என்று அவரைத் தனியாகக் கேட்டேன். கண்டதாகத் தலையாட்டினார். ஏன் எழுதவில்லை என்றதற்கு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேர் போடாட்டி உண்மை எழுதலாம். பேர் போட்டா நயவுரைதான் எழுதலாம். உங்களுக்கு எது வேணும் எண்டு முதல்லயே சொல்லியிருக்கலாமே, ஐயா."

சொதி

கையேட்டில் ஒரு பயிற்சி உண்டு. கேக் ஒன்றைச் சாப்பிட்டுப் பார்த்து, நல்லது என்ன, குறை என்ன, எப்படித் திருத்தலாம் என்று மூன்றே வாக்கியத்தில் எழுத வேண்டும். நம்மவர்களுக்குக் கேக்கைக் குறை சொல்லத் தெரியாது. அது பிறந்தநாள் வீட்டுப் பண்டம். நான் கேக்கை எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டை வைத்தேன். அப்போது எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்தவர் பாரூக் நானா, பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். சம்மதமா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டு விஷயத்தில் யாருக்கும் நயவுரை வரவில்லை. பருப்பு நன்று, சொதி தண்ணீர், தேங்காய்ப்பால் கூட்டினால் சரியாகும் என்று இருவர் பெயர் போட்டே எழுதினார்கள். இன்னொருவர் அதையே பெயரில்லாமல், கொஞ்சம் காரமாக எழுதியிருந்தார். தாள்களை நானாவிடம் வாசித்துக் காட்டினேன். கோபப்படுவாரோ என்று பயம். அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "பேர் போட்ட ரெண்டு பேருக்கும் நாளைக்கி கெட்டியா ஊத்துறேன் ஐயா. பேர் போடாத ஆளுக்கு நான் எந்தக் கோப்பையில ஊத்துற?"

அரைப் பேரு

அம்பிட்டியவில் நடந்த செயலமர்வில் முதல்முறையாக அச்சாகாத, உயிருள்ள கட்டுரை ஒன்று கிடைத்தது. ஒரு பேராசிரியர் தன் வரைவை இணையத்தில் போட்டுவிட்டு, எங்களிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் அதன் கீழேயே கருத்து எழுதட்டும் என்று சம்மதித்திருந்தார். எல்லோரும் செய்கிற காரியமில்லை. பொருள், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள். அவருடைய மாணவர்கள் போய்ப் பேசிப் பதிவுசெய்து வந்த பேட்டிகளை வைத்து எழுதியது. அதன் நடுத்தூணாக ஒரு பத்தி நின்றது. பல பெண்கள் "எனக்கு நேத்தும் அரைப் பேருதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இவர்கள் தோட்டத்துக்குத் தங்கள் பெயரைப் பாதி மட்டுமே கொடுக்கிறார்கள். முழு அடையாளத்தை நிர்வாகத்துக்குக் காட்ட மறுக்கும் மௌனமான எதிர்ப்பு இது என்று பேராசிரியர் விளக்கியிருந்தார். படிக்க அழகாகத்தான் இருந்தது.

பன்வில தோட்டத்தில் பிறந்த கோகிலா அந்தப் பக்கத்தில் சிரித்துவிட்டாள். அவள் தற்காலிக உதவி விரிவுரையாளர். கண்டி நகரத்து மஹய்யாவவில் வளர்ந்த எனக்கு மலை வேலை தெரியாது, எனவே எனக்கும் பிடிபடவில்லை. அவள்தான் சொன்னாள். தோட்டத்தில் பேரு என்றால் ஒரு நாள் சம்பளம். எடுக்க வேண்டிய கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளம், அதுதான் அரைப் பேரு. அந்தப் பெண்கள் எதிர்ப்பு எதையும் சொல்லவில்லை. கூலி வெட்டுப்பட்டதைச் சொல்லியிருக்கிறார்கள். அறை முழுக்கச் சிரித்தது. "இதை அப்படியே எழுதுங்கள்" என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய நிரந்தர நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை அடுத்த மாதம். அந்தக் குழுவில் இந்தப் பேராசிரியரும் இருக்கிறார். வேலை நிரந்தரமானால், இன்னும் கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவை நிறுத்திவிடலாம் என்று இருந்தாள். பேனாவை மூடிக்கொண்டு சொன்னாள்: "இதுல நான் முழுப் பேரு போட்டா ஐயா, அங்க எனக்கு அரைப் பேருகூட விழாது."

சந்திமாவிடம் கேட்டது

மனைவி இருந்தவரை எந்தச் செயலமர்வையும் முதலில் அவளிடம்தான் பேசிப் பார்ப்பேன். கையேட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட, வருகிறவர்கள் வீட்டுக்குப் போய் என்ன ஆவார்கள் என்பதைத்தான் அவள் கேட்பாள். அவள் போன பிறகு அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்று பஸ்ஸில் இறங்கி வரும்போது அதுதான் மனதில் ஓடியது. திறந்த முறை நல்லது என்று நான் சொல்கிறேன். எனக்கு இழக்க என்ன இருக்கிறது? நிலையான வேலையுள்ளவருக்கும் அடுத்த மாதம் வேலை போகக்கூடியவளுக்கும் ஒரே துணிச்சலை எப்படிக் கேட்பது?

கையேட்டில் ஒரு வழி இருந்தது. கருத்து எல்லோருக்கும் தெரியலாம், எழுதியவர் பெயரை மட்டும் மறைக்கலாம். சிங்களத்தில் இதே செயலமர்வை நடத்தும் என் சக பயிற்சியாளர் சந்திமாவைத் தொலைபேசியில் அழைத்து, கோகிலாவுக்கு இந்த வழியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். சந்திமாவுக்குத் தமிழ் நிதானமாகத்தான் வரும். அரைப் பேரு என்றால் என்னவென்று முழுதாகக் கேட்டாள். அந்தக் கூட்டத்தில் இது தெரிந்தவர்கள் வேறு யார் என்றும் கேட்டாள். வேறு யாருமில்லை என்றேன். அந்தச் சொல்லை ஒருமுறை தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பேர மறைக்கலாம் அங்கிள். அந்த வார்த்தைய மறைக்க ஏலாதே."

அகர வரிசை

மறுநாள் காலையில் இன்னொரு யோசனையோடு போனேன். கூட்டாக எழுதலாம். பலர் பெயர் போட்டால் பாரம் பங்காகும். இந்தச் செயலமர்வுக்கும் வந்திருந்த சிவகுமாரன் உடனே கை தூக்கினார். முதல் செயலமர்வில் பெயர் போட்டு உண்மை எழுத முடியாது என்ற அதே மனிதர்தான். "என்ர பேரைப் போடுங்கோ. நான் நிரந்தரம், என்னை ஒண்டும் செய்யேலாது" என்றார். மூத்தவர் பெயர் முதலில் வருவது நம் வழக்கம். அதை மாற்றி அகர வரிசையில் போடலாம், 'கோ' முதலில், 'சி' பிறகு என்று நான் சொன்னேன். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

கோகிலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமில்லை, கணக்குப் போடுகிற முகம். "சார் பெரிய மனசோடதான் சொல்றீங்க" என்று ஆரம்பித்தாள். சிவகுமாரன் "ஓம், சொல்லும்" என்றார். அவள் சொன்னாள்: "சார் பேரு கூட இருந்துச்சுன்னா, இத சார் கண்டுபிடிச்சதாத்தான் சொல்லுவாங்க. நான் டைப் அடிச்சுக் குடுத்த புள்ளைன்னு ஆயிரும்."

அன்று மாலைக்குள் அவள் எழுதி முடித்தாள், தனியாக. பேட்டிகள் கவனமாகச் சேகரிக்கப்பட்டவை என்று முதலில் ஒரு பத்தி. பிறகு அந்தச் சொல். அதன் பிறகு, கூலி வெட்டைப் பற்றி இத்தனை பெண்கள் தாமாகப் பேசியிருப்பதே கட்டுரையின் பெரிய கண்டுபிடிப்பு, அதை மையமாக வைத்துத் திருப்பி எழுதலாம் என்று ஒரு யோசனை. மூன்றுக்கும் அடியில் அவள் பெயரும் அப்பாவின் பெயரும்.

எழுந்து நின்றவள்

நிறைவு அமர்வுக்குப் பேராசிரியர் வந்தார். கருத்துகளை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். மற்றவர்களுக்கு ஒவ்வொரு வாக்கியத்தில் நன்றி சொன்னார். கோகிலாவின் தாளுக்கு வந்ததும் நின்றுவிட்டார். அந்தப் பத்தியை வாய்க்குள் திரும்ப வாசித்தார். கட்டுரையின் தலைப்பே அந்தப் பத்தியிலிருந்து எடுத்ததுதான். அது போனால் தலைப்பும் போகும். "நீர்தானே இதை எழுதினது?" என்றார். கோகிலா எழுந்தாள். "ஆமா சார்."

"என்னட்ட நேர வந்து சொல்லியிருக்கலாமே? எல்லாரும் பாக்கிற இடத்தில ஏன் போட்டனீர்?" அவர் குரலை உயர்த்தவில்லை. கேட்டது நியாயமான கேள்விதான், நானும் அவர் இடத்தில் இருந்தால் கேட்டிருப்பேன். சிவகுமாரன் ஏதோ சொல்ல முன்னே சாய்ந்தார். நான் அவர் கையைத் தொட்டேன். கோகிலா ஒரு கையால் கதிரையைப் பிடித்திருந்தாள். "நேர வந்தா நின்னுக்கிட்டுத்தான் சார் பேசணும். இது உக்காந்து எழுதினது."

நான்கு பக்கம்

பேராசிரியர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தேநீருக்கும் நிற்காமல் போய்விட்டார். அடுத்த வாரம், நேர்முகக் குழுவிலிருந்து அவர் விலகிவிட்டார் என்று செய்தி வந்தது. அவர் கைவிட்டுவிட்டார், இனி அந்தப் பிள்ளைக்கு வேலை இல்லை என்றுதான் பலரும் பேசினார்கள். கோகிலாவும் அப்படித்தான் நினைத்தாள். எனக்கும் வேறு அர்த்தம் தெரியவில்லை. அந்த நாட்களில் இரண்டு செயலமர்வுகளுக்கு அழைப்பு வந்தது; கொஞ்சம் பொறுங்கள் என்று தள்ளிப்போட்டேன்.

பிறகு இணையத்தில் அவருடைய பதில் வந்தது. அந்தச் சொல்லைத் தான் தவறாகப் புரிந்துகொண்டதாகவும், கட்டுரையைக் கூலி வெட்டைப் பற்றியதாக மாற்றி எழுதுவதாகவும், திருத்தியவர் கோகிலா என்றும் போட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: என் கட்டுரையை மதிப்பாய்வு செய்தவரை நான் நேர்முகம் காண்பது முறையல்ல என்பதால் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். பெயர் வெளியில் இருந்ததால்தான் அவர் விலகவும் முடிந்தது. மறைத்திருந்தால் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார். கையேட்டில் இதைச் சொல்லும் பக்கத்தை நானே பலமுறை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவருடைய கதிரையில் வேறொருவர் உட்கார்ந்தார். கோகிலாவுக்கு வேலை கிடைத்தது.

சில மாதம் கழித்து அவள் தொலைபேசியில் அழைத்தாள். அம்மா மலைக்குப் போவதை நிறுத்திவிட்டதாகவும், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எல்லோரையும் ஏசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். பிறகு குரல் மாறியது. அவள் தன் கட்டுரையை இணையத்தில் போட்டிருக்கிறாள். அதை முதலில் படித்துக் கருத்து எழுதியவர் அந்தப் பேராசிரியர். முழுப் பெயர், பதவி எல்லாம் போட்டு, நான்கு பக்கம். ஆய்வுமுறையில் ஓட்டை, மேற்கோளில் பிழை, முடிவுரை அவசரம் என்று ஒன்றையும் விடவில்லை. "எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்று பெருமூச்சு விட்டாள். பிறகு சொன்னாள்: "பேசாம அவரு நேர்முகத்துலயே இருந்திருக்கலாம் ஐயா. மூணு கேள்வியோட விட்டிருப்பாரு."

இத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொடுத்ததில் எனக்குத் தெரிந்தது, குறை சொன்னவர் யாரென்று தெரிந்தால் கோபம் கொஞ்சமும் குறைவதில்லை, சரியான விலாசத்துக்குப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான்.