தேரி மேட்டில் மிச்சமிருந்த வெயில்

பங்குனி மாதத்து முதல் சனிக்கிழமை, காலை நாலரை மணிக்குத் திருவண்ணாமலையிலிருந்து பாலைவனம் பார்க்கப் புறப்பட்டோம். ராஜஸ்தானுக்கா என்று கேட்காதீர்கள். முந்தின நாள் டீக்கடையில் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரே மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அன்றைக்கு நான் இல்லையென்றால், என்னை நம்பி விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள் என்மேலேயே மனு கொடுத்துவிடுவார்கள். அதனால் சனி, ஞாயிறு இரண்டே நாளில் போய்த் திரும்பக்கூடிய பாலைவனம்தான் எங்களுக்குச் சரி. அப்படி ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருச்செந்தூர் பக்கம் உள்ள செம்மணல் காடு. அந்த ஊர்க்காரர்கள் அதைத் தேரி என்கிறார்கள்.

ஆசைப்பட்டது என் மனைவி மல்லிகா. அவள் பிறந்தது அடி அண்ணாமலையில். வாசல் தெளிக்க வந்தால் மலை, துணி உலர்த்தப் போனால் மலை. "எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்ணுமே இல்லாத எடம் ஒண்ணு பாக்கணும்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கார் என் நண்பர் தரணேந்திரனுடையது. கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம் இருக்கிறது, மல்லாட்டை போடுகிறார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. குடியிருப்பது டவுனில், மலைக்குக் கிழக்கே. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற ஜைனக் குடும்பம் என்பதால், ஊர் வழக்கப்படி நான் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் வந்ததற்குக் காரணம் வேறு. பூனாவில் இருக்கும் மகள் புது வீடு வாங்கி, ஆறு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இவருக்குப் போக வேண்டும். மனைவி சுனந்தா விடவில்லை. நயினார் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிட மாட்டார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி எதுவும் சோற்றில் விழுந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஐம்பத்தெட்டு வயது வரை நயினார் அதை ஒரு நாளும் மீறியதில்லை. ஆனால் சென்ற ஆண்டு அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாயங்கால மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வயிறு காயக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை வயலில் நேரமாகி, பொழுது போய்விட்டதென்று சாப்பிடாமலே படுத்து, விடிகாலையில் மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை.

சுனந்தா அம்மா இரண்டு டப்பாக்களைக் காரில் வைத்துவிட்டு என்னிடமும் சொல்லி அனுப்பினார். "இந்த ரெண்டு நாள் ஒழுங்கா சாப்ட்டுட்டு வந்தா, பூனாவ பத்தி பேசலாம். இல்லன்னா அந்தப் பேச்சே வாணாம்."

ஆக, மல்லிகாவுக்கு இது சுற்றுலா. நயினாருக்குப் பரீட்சை.

திருக்கோவிலூர் தாண்டி உளுந்தூர்பேட்டையில் பெரிய ரோட்டைப் பிடித்தோம். ஏழேகாலுக்கு ஒரு புளியமரத்தடியில் முதல் டப்பா காலியானது. எட்டரைக்குத் திருச்சி. பத்தே முக்காலுக்கு மதுரையைச் சுற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை ரோடு. அதற்கப்புறம் நிலம் கறுத்துக்கொண்டே போனது. கரிசல் மண், சீமைக்கருவேல், தூரத்தில் காற்றாலை. எட்டயபுரம் பக்கம் டீ குடிக்க இறங்கினோம், டீ பதினைந்து ரூபாய். வெயில் ஜாஸ்தியாக இருக்கிறதே என்றேன். கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே, "இது வெயிலு இல்லிங்க. வெயிலு வாரதுக்கு முன்னால கதவத் தட்டுது, அவ்வளவுதான்" என்றார். இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். டோல் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஒன்றரைக்குத் தூத்துக்குடியில் மதியச் சாப்பாடு. சாம்பார், பொரியல், கூட்டு எல்லாவற்றிலும் வெங்காயம். நயினார் மண்ணுக்கடியில் கிழங்காக விளைவதைத் தொடமாட்டார். கொஞ்சம் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டார். இரண்டாவது டப்பாவில் எலுமிச்சம் சாதமும் சப்பாத்தியும் இருக்கிறது, அஞ்சரைக்குத் தேரியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார்.

இரண்டே முக்காலுக்குத் திருச்செந்தூர். கிலோமீட்டர் முள் ஐந்நூற்றுப் பதினெட்டு காட்டியது. அறை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கோவில் கூட்டம் இல்லாத நாள் என்பதால் கம்மி என்றார்கள். முகம் கழுவிக்கொண்டு நாலு மணிக்குக் கிளம்பி, காயாமொழி தாண்டித் தார் ரோடு மணலில் முடிகிற இடத்தில் காரை நிறுத்தினோம்.

அந்தச் சிவப்பை எப்படிச் சொல்வது? எங்கள் பக்கத்துச் செம்மண் இதற்கு முன்னால் வெளுத்த துணி. மஞ்சள்தூளும் குங்குமமும் கலந்து யாரோ வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டுப் போனது மாதிரி, மேடும் பள்ளமுமாக மணல். நடுநடுவே ஒற்றைப் பனை, புதர், காற்று வரைந்த கோடுகள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். மல்லிகா மடியில் வறுத்த மல்லாட்டை. உரித்து உரித்து எங்களுக்கும் கொடுத்து, தோலைப் போட்டுக்கொண்டே வந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே போய்விட்டோம். போனில் டவர் இல்லை. டப்பா காரில் இருக்கிறது. நயினார் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, திரும்பலாம் என்றபோது ஐந்து இருபது.

வழி காட்டியவன் நான். எதிரே பெரிய மேடு ஒன்று இருந்தது. அதைச் சுற்றித்தானே வந்தோம், சுற்றிப் போனால் கார் வந்துவிடும் என்று நடக்க ஆரம்பித்தேன். மணலில் ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கிறது. அரை மணி நேரம் நடந்திருப்போம். மல்லிகா சட்டென்று நின்றுவிட்டாள். கீழே மல்லாட்டைத் தோல். நாங்கள் புறப்பட்ட அதே இடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பௌர்ணமி தவறாமல் முப்பது வருடம் மலை சுற்றிய கால்கள் இவை. எதிரில் உயரமாக ஒன்று இருந்தால் அதை வலது கைப் பக்கமாக வைத்துக்கொண்டு, முழுசாக ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் நிற்கும்.

"கிரிவலம் முடிஞ்சிதா?" என்றாள் மல்லிகா. "விபூதி வாங்கினு வூட்டுக்குப் போலாமா?"

நயினாரும் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் மணலில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. மணி ஐந்து ஐம்பது. கார் எந்தத் திசையில் என்றே தெரியவில்லை. தெரிந்தாலும் இந்த மணலில் பொழுதுக்குள் போய்ச் சேர முடியாது. இருட்டியபின் சாப்பிட்டால் வாழ்நாள் முழுக்கக் காத்தது போயிற்று. சாப்பிடாமல் மாத்திரையும் போடாமல் படுத்தால் வயலில் நடந்ததுதான் மறுபடியும். "சுனந்தா சொன்னது சரியாப் பூட்டுச்சி" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

மல்லிகாதான் புகையைப் பார்த்தாள். இடது பக்கம், பனைக் கூட்டத்துக்கு நடுவில். நயினாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு பள்ளத்தில் பனையோலை வேய்ந்த கொட்டகை. கருப்பட்டி காய்ச்சும் பெரிய அடுப்பு, பக்கத்தில் ஒரு பானை, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி. பெயர் முத்துக்கனி என்று பிறகு தெரிந்தது. மரம் ஏறுகிற கணவர் சரக்கோடு உடன்குடிக்குப் போயிருந்தார்.

எங்கிருந்து வாரிய, ஏன் இந்த அண்ணாச்சிக்கு இப்படி வேர்க்குது என்று கேட்டபடியே பாயை உதறிப் போட்டாள். நான் மனு எழுதுகிறவன் அல்லவா, நாலே வரியில் விஷயத்தைச் சொன்னேன். அவளும் நாலே கேள்விதான் கேட்டாள். காய்ந்த பனங்கிழங்கு இருக்கிறது, ஆகுமா? ஆகாது. கருப்பட்டி? சர்க்கரை இருக்கிறது, வேண்டாம். அவித்த சிறுபயறும் தேங்காயும் இருக்கிறது, அதில் வெங்காயம் பூண்டு எதுவும் போடவில்லை, உப்பு மட்டும்தான். அது ஆகுமா? ஆகும். அப்புறம் என்ன?

பதிலுக்கு நயினார் கையை நீட்டிக் காட்டினார். மேற்கே இருந்த மேட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டிருந்தது. கொட்டகை முழுக்க நிழல். மணி ஆறு ஐந்து. பொழுது போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னார்.

முத்துக்கனி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"கீழதான் அண்ணாச்சி அடைஞ்சிருக்கு. மேட்டுல ஏறுனா இன்னும் நிக்கும். ஏறுங்க, நான் கொண்டாரேன்."

நயினார் ஒரு நிமிடம் யோசித்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஏமாற்று வேலை ஆகிவிடுமோ என்று பயம். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "எலை மேல வெயில் வுழுந்தா சரி. அதான கணக்கு" என்றார்.

ஏறினோம். இரண்டு மாடி உயரம் இருக்கும். நான் முன்னால் இழுக்க, மல்லிகா பின்னாலிருந்து தள்ள, நயினார் முழங்காலை ஊன்றி ஊன்றி ஏறினார். நிழல் எங்கள் காலடியிலேயே மேலே வந்துகொண்டிருந்தது. உச்சிக்கு நாலடி இருக்கும்போது அவர் தலையில் வெயில் பட்டது, பிறகு தோளில், பிறகு கையில். முழுச் சூரியன், சிவப்பாக, பனை உயரத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

எங்களைத் தாண்டி ஏறி வந்தாள் முத்துக்கனி. கையில் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டை, அதில் பயறு. நயினார் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து, பூச்சி எதுவும் வாய்க்குள் போய்விடாதபடி அவள் தந்த தண்ணீரை வடிகட்டிக்கொண்டார். அவசரமாக முதல் கவளத்தை வாயில் போட்டவர் இருமினார். அவள் சூரியனைப் பார்த்தபடி நின்றாள்.

"மெள்ள சாப்பிடுங்க. நான் பாத்துக்கிடுதேன். போறதுக்கு முன்னால சொல்லுதேன்."

அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்தது. சூரியனுக்கு ஓர் ஆள் காவல். நயினார் அதன்பிறகு நிதானமாகத்தான் சாப்பிட்டார். பட்டையைத் துடைத்துத் தின்றார், சட்டைப்பையிலிருந்த மாத்திரையைப் போட்டார், தண்ணீர் குடித்தார், வாய் கொப்பளித்தார். அப்புறமும் அரை விரல்கடை சூரியன் மிச்சமிருந்தது. இவ்வளவு சிரமப்பட்டு ஒரு பிடிவாதம் தேவையா என்று முத்துக்கனி நினைத்திருப்பாள் என்று நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவள் கேட்கவே இல்லை. எங்க வீட்டு ஆளும் மரத்தத் தொட்டுக் கும்பிடாம ஏற மாட்டாவ, இடியே விழுந்தாலும் அப்படித்தான் என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மல்லிகா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கிழக்கே, தெற்கே, வடக்கே என்று மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் மலை இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கழுத்துல நகைய கழட்டி வெச்ச மாதிரி இருக்குது" என்றாள். "லேசா இருக்குது. கைதான் அப்பப்ப தடவிப் பாக்குது." முப்பது வருடம் பிறத்தியார் பேச்சை எழுதி வைக்கிறேன். வீட்டில் இருப்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

முத்துக்கனியே கார் வரைக்கும் கூட வந்தாள். பனை வரிசையைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்தால் கால் மணி நேரம்தான். எலுமிச்சம் சாதத்தை அறையில் நானும் மல்லிகாவும் சாப்பிட்டோம். நயினார் பக்கத்துக் கட்டிலில் குறட்டை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடியும் கொட்டகைக்குப் போனோம், இந்த முறை வழி தவறாமல். இரண்டு கிலோ கருப்பட்டி, கிலோ நானூற்றைம்பது ரூபாய். மீதி மல்லாட்டையை மல்லிகா அவளுக்குக் கொடுத்தாள். மண்ணுக்கடியில் விளையும் இதைச் சாப்பிடுகிற அண்ணாச்சிக்குப் பனங்கிழங்கு மட்டும் ஏன் ஆகாது என்று முத்துக்கனி கேட்டாள். இது கிழங்கு இல்லை, கொட்டை என்று நயினார் பத்து நிமிடம் விளக்கினார். அவள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எட்டேகாலுக்குக் கிளம்பினோம்.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் வெறும் இட்லி நாலு கட்டிக்கொண்டோம். பொடி வீட்டிலிருந்து வந்தது. திருக்கோவிலூர் பாலம் தாண்டி, ஐந்து ஐம்பதுக்கு ஒரு மதகின்மேல் நயினார் பொட்டலத்தைப் பிரித்தார். தூரத்தில் நீலமாக எங்கள் மலை. சூரியன் அதற்கு இடது புறம் தள்ளி, வயல்மேல் பளிச்சென்று நின்றது. போன் அடித்தது. சுனந்தா அம்மாதான். ஸ்பீக்கரில் போட்டார்.

"இங்க மலைக்குப் பின்னால எறங்கி எவ்ளோ நேரம் ஆவுது. சாப்ட்டீங்களா இல்லியா?"

"இங்க இன்னும் வெயில் இருக்குது. சாப்ட்டுனு இருக்கேன்."

நேற்று நடந்தது எதையும் அவர் மறைக்கவில்லை. வழி தவறியது, உட்கார்ந்துவிட்டது, மேடு ஏறியது, சூரியனுக்குக் காவல் நின்றது எல்லாம். இனிமேல் பூனா அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். மறுமுனையில் ஏதோ பாத்திரம் உருளுகிற ஓசை கேட்டது.

அப்புறம் சுனந்தா அம்மா கேட்டார்: "நம்ம பொண்ணு வீடு எத்தினாவது மாடி?"

"பதினொண்ணு."

"அப்ப அங்க வெயில் நேரம் கழிச்சித்தான் போவும். ரெண்டு டிக்கெட்டா போட்டுருங்க."

நயினார் போனை அணைத்துப் பையில் வைத்தார். பொட்டலத்தில் இன்னும் ஓர் இட்லி இருந்தது. அதை அவர் அவசரமே இல்லாமல் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் மல்லிகாவும் காரில் காத்திருந்தோம்.